மீண்டும் முருங்கை மரத்தில்

நின்றுபோன கற்பனையுலகம் ஒன்றை மீண்டும் தொடங்குதல் அதற்கு ஆக்கமா, அன்றி இழிவா? 'அம்புலிமாமா'வோடு வளர்ந்தவர் யாவர்க்கும் இவ்வினா உரியதே.

1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ் அது. 1998-இல் நின்றது, 1999-இல் மீண்டும் எழுந்தது. 2007-இல் மும்பை நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. 2013-ஆம் ஆண்டளவில் மறுபடியும் ஓய்ந்தது.

சித்தூரில் பிழைப்பு நாடிக் குடியேறிய எம்போன்ற குடும்பங்களுக்கு அவ்விதழ் வெறும் பொழுதுபோக்கன்று. எங்கள் வீட்டில் அம்புலிமாமா. அடுத்த வீட்டில் சந்தமாமா. படம் ஒன்று, கதை ஒன்று. எழுத்து மட்டுமே வேறு. திண்ணையில் இரண்டையும் அருகருகே விரித்து நான் தெலுங்கு எழுத்துக் கற்றேன். என் தோழன் தமிழ் எழுத்துக் கற்றான்.

"முடிந்ததை ஏன் எழுப்ப வேண்டும்? நினைவின் தூய்மை கெடுமே!" என்பார் உளர். அவர்கள் ஒன்றை மறந்தனர். குணாட்டியரின் பிருகத்கதை மறைந்துபோன நூல். அதன் வழிவந்தவையே கொங்குவேளிரின் பெருங்கதையும், 11-ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரமும். சோமதேவர் நூலில் வேதாளம் கூறும் கதைகள் 24. அங்கே மன்னன் பெயர் திரிவிக்கிரமசேனன். பிற்காலத்தில் அவன் விக்கிரமாதித்தன் ஆனான். அக்கதைகள் தீர்ந்த பின்னும் வேதாளத்தின் வாயில் புதுக்கதைகளை வைத்து அம்புலிமாமா பல்லாண்டுகள் நடத்தியது. ஆகவே, நாம் மூலம் என்று போற்றியதே ஒரு மறுதொடக்கம் அன்றோ! மன்னனின் அறமும் வேதாளத்தின் வினாவும் நிலைத்தன. ஏனைய யாவும் மாறின. அவ்வாறு உயிர்நிலை காக்கப்படின் மறுதொடக்கம் நன்றே. பெயரை மட்டும் காப்பின் அது வெறும் உடலைச் சுமப்பதாகும்.

எனினும் பொறுப்பு பதிப்பாளருடையது மட்டுமன்று. 2009-இல் ஓரிதழை வாங்கி, ஏழு வயது மகன் கையில் பெருமையோடு கொடுத்தேன். படங்களைப் பார்த்தான்; பின் வைத்துவிட்டான். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயின்ற அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இதழ் திரும்பி வந்திருந்தது. அதனை வரவேற்க வேண்டிய வீடு ஆயத்தமாக இல்லை. அலுவலகக் கோப்புகளைப் புரட்டிய நேரத்தில் ஒரு பங்கை அவனுக்கு அகரம் கற்பிக்க நான் ஒதுக்கவில்லை. குற்றம் என்னுடையதே.

அன்றிரவு வேதாளக் கதையொன்றை நானே வாய்மொழியாகக் கூறி, இறுதியில் வினாவை எழுப்பினேன். அவன் நெடுநேரம் சிந்தித்து விடை கூறினான். என் விடையினும் அது நேரியதாக இருந்தது. மறுநாள் அவனே இதழை எடுத்து வந்து, முதல் எழுத்து யாதென வினவினான்.

நின்றுபோன உலகம் மீள்வதால் பயனுண்டா எனின், உண்டு. அதனை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல ஒருவர் வீட்டில் இருக்கும்வரை. மரத்திற்குத் திரும்புவது வேதாளத்தின் இயல்பு. மீண்டும் சென்று தோளில் சுமந்து வருவது நம் கடமை.