எபிரேய மறையில் இறைவன் பெயர்கள்

பெயர் என்பது ஒரு பொருளைப் பிற பொருள்களினின்றும் பிரித்தறிதற்கு இடப்படுவது. ஒப்பாரின்றித் தான் ஒருவனே உளனாகிய இறைவற்குப் பெயர் எற்றுக்கு என்னும் ஐயம் எச்சமயத்தார்க்கும் நிகழ்வதே. யூதர்தம் எபிரேய மறை இதற்குத் தரும் விடை ஆராயத்தக்கது. அம்மறையிற் சிறந்த பெயர்கள் இறைவன் இயல்பை வரையறுத்தற்கு எழுந்தன அல்ல. துன்புற்றார்க்கு அவன் எவ்வாறு வெளிப்பட்டான் என்பதன் நினைவாக நிற்பன.

பொதுப்பெயர்களை ஈண்டு விரித்தல் வேண்டா. ‘ஏல்’ என்பது தெய்வம் என்னும் பொருட்டு. தானியேல் முதலிய மக்கட்பெயர்களின் இறுதியில் நிற்பது அதுவே. ‘ஏலோகிம்’ பன்மையீறு பெற்றும், இறைவனைக் குறிக்குங்கால் பெரும்பாலும் ஒருமைவினை கொண்டே முடியும். ‘சத்தாய்’ என்பதன் வேர் மலையைக் குறிப்பதோ அழித்தலைக் குறிப்பதோ என அறிஞர் மாறுபடுவர். மறைமுழுதும் 48 இடங்களில் வரும் இச்சொல் 31 இடங்களில் யோபுவின் நூலிலேயே வருகின்றது. குற்றமின்றி வருந்திய யோபுவும், தேற்ற வந்து அவனை இடித்துரைத்த நண்பரும் வழக்காடுங்கால் வழங்கிய பெயர் அது.

இனி, ஆகார் என்பாள் ஆபிரகாமின் மனைவி சாராளுக்கு அடிமையாகிய எகிப்தியப் பெண். கருவுற்றிருந்த காலத்துத் தலைவி செய்த கொடுமை பொறாது ஓடிப்போய்ப் பாலைநிலத்தில் ஓர் நீரூற்றருகே இருந்தாள். ஆண்டுத் தன்னொடு பேசிய இறைவனுக்கு அவள் தானே ‘ஏல் ரோயி’ எனப் பெயரிட்டாள். தன்னைக் காணும் இறைவன் என்பது அதன் பொருள். தலைவியிடமே மீள்க என்று தூதன் அவளைப் பணித்தமை கற்போர் நெஞ்சை உறுத்தவே செய்யும். விடுதலை பெறாதாள் இட்ட பெயர் அது.

மோசே இறைவன் பெயரை வினவியபோது பெற்ற ‘எஹ்யே’ என்பதோ பெயர்ச்சொல்லன்று, வினைச்சொல். இருத்தற்பொருளில் தன்மை ஒருமையாய் வரும் இதனை ‘இருக்கிறேன்’ எனலும் ஆம், ‘இருப்பேன்’ எனலும் ஆம். அதற்குச் சற்று முன்னர் ‘உன்னுடன் இருப்பேன்’ என்னும் பொருளிலும் இச்சொல்லே வந்துளது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கமொழியில் ஆக்கியோர் இதனை ‘உள்ளவன்’ என்னும் பொருள்பட அமைத்தனர். தத்துவ நூலோர்க்கு இஃது உவப்பாயிற்று. ஆயினும் ‘உடன்’ என்னும் கருத்து அவ்வழி மங்கிற்று. எகிப்தில் அடிமையராய்ச் செங்கல் அறுத்தார்க்கு வேண்டியது உள்பொருளின் இலக்கணமோ?

யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கெழுத்தாலாய சிறப்புப்பெயரும் இவ்வினையோடு இயைபுடையது. 6,800-க்கு மேற்பட்ட இடங்களில் எழுதப்பெற்ற இதனை யூதர் ஓதார். ‘என் ஆண்டவர்’ எனப் பொருள்படும் ‘அதோனாய்’ என்றே வாசிப்பர். எருசலேம் கோயில் கி.பி. 70-இல் உரோமரால் அழியுமுன், பாவநிவாரண நாளில் தலைமைக்குரு அதனை உச்சரித்தனர் என்ப. பின்னர் ஏடுகளில் ‘அதோனாய்’க்குரிய உயிர்க்குறிகளை இந்நான்கு மெய்களின்மேல் இட்டுவைத்தனர். அவ்விரண்டையும் கூட்டிப் படித்தமையாற் பிறந்ததே ‘யெகோவா’ என்னும் வடிவம். தமிழ் விவிலியத்துள் இவ்விடங்களிற் பெரும்பாலும் ‘கர்த்தர்’ என வருதலும் யூதர் வாசிப்பு வழிப்பட்டதே.

அருளிய பெயரை மறைத்தல் என்னை? எனின், ஐசிசு என்னும் தேவி சூரியதேவனைப் பாம்பு கடிக்கச் செய்து, அவன் மறைபெயரை அறிந்து ஆற்றல் பெற்றாள் என்பது எகிப்தியர் கதை. பெயரறிந்தார் பெயருடையானை ஆள்வர் என்பது அவர் துணிபு. எபிரேயர்க்கோ இறைவன் பெயரை வீணில் வழங்கலாகாது என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. அப்பெயரால் பொய்ச்சூள் உரைத்தலும் அதன்பாற்படும். வலியோன் தன் பொய்க்கு இறைவனைச் சான்றாக இழுப்பின் கெடுவார் எளியாரே யாதலின், வாய்காத்தல் அவர்க்கும் காவலாம்.

ஆகார் இட்ட பெயரோ மறையில் ஓரிடத்தே மட்டும் காணப்படுவது. அவ்வூற்றுக்கும் ‘என்னைக் காணும் வாழ்பவனது கிணறு’ என்றே பெயர் வழங்கிற்று. ஆபிரகாம் இறந்தபின், சாராள் மகனாகிய ஈசாக்கு அக்கிணற்றின் அருகே குடியிருந்தான் என அம்மறை கூறும்.