பிழைத்து வந்தது சாட்சியாகுமா?

2022 ஜனவரி 7ஆம் தேதி இரவு, பாகிஸ்தானின் மரி மலைக்குப் பனி பார்க்கப் போன குடும்பங்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டன. சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊர் இஸ்லாமாபாத்வாசிகளுக்குப் பக்கத்து மலைதான். காலையில் நினைத்துக்கொண்டு மதியம் போய்ச் சேரலாம். அன்றிரவு கொட்டிய பனியில் மரங்கள் சாய்ந்து சாலை அடைபட்டது. முன்னே போகவும் முடியாமல் பின்னே திரும்பவும் முடியாமல் ஆயிரக்கணக்கான வண்டிகள் நின்றன. விடிந்து பார்த்தபோது இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு இல்லை. பெரும்பாலோர் தங்கள் கார்களுக்குள்ளேயே இறந்துகிடந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். மற்றவர்கள் பிழைத்து வீடு வந்தார்கள். வந்தவர்கள் முதலில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. எந்த மலையானாலும் எந்த மதமானாலும், பனியில் சறுக்கிய கார் பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டால் வாயில் வருவது ஒன்றுதான்: கடவுள் காப்பாற்றினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்வதோடு நாம் விடுவதில்லை, தலைப்பாகையை எடுத்துக்கொண்டு தலையை விட்டவர் யார் என்றும் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லில் நன்றி இருக்கிறது. அதில் எனக்கு வழக்கேதும் இல்லை. ஆனால் அதே சொல் சாட்சிக் கூண்டிலும் ஏற்றப்படுகிறது. நமக்கு ஒரு காவல் இருந்தது என்பதற்கும், ஆகவே நாம் கிளம்பியதில் பெரிய தப்பில்லை என்பதற்கும் அது சாட்சி சொல்ல வைக்கப்படுகிறது. அந்தச் சாட்சி செல்லாது. நாத்திகர் ஏற்க மாட்டார் என்பது தெரிந்ததே. ஆத்திகரும் ஏற்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

முதலில் அந்தக் கார் எதனால் நிற்கிறது என்று பார்ப்போம். காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் பிரேக்கை அழுத்தினால் 8 மீட்டர் போல ஓடி நின்றுவிடும். அதே வண்டி, அதே வேகம், அடியில் உறைபனி என்றால் 60 மீட்டர் தாண்டியும் வழுக்கிக்கொண்டு போகும். அந்த உறைபனி பல சமயம் கண்ணுக்கே தெரியாது, நனைந்த தார் போலக் கறுப்பாகத்தான் இருக்கும். வெயில் எட்டாத வளைவிலும் பாலத்தின் மேலும் அது முந்திக்கொண்டு உறையும். நின்றுபோன வண்டிக்குள் நடப்பது வேறு கதை. குளிர் தாங்காமல் ஹீட்டரைப் போட்டு இன்ஜினை ஓடவிடுகிறார்கள். வெளியே ஏறிக்கொண்டிருக்கும் பனி சைலன்சர் குழாயின் வாயை மூடிவிடுகிறது. போக வழியில்லாத புகை வண்டியின் அடியில் தேங்கி உள்ளே கசிகிறது. அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் சேர்வதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தலைவலி, பிறகு தூக்கம். மரியில் பலர் இறந்தது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அப்போதே பேசப்பட்டது. அவ்வப்போது இறங்கிக் குழாய் வாயிலிருக்கும் பனியைத் தள்ளிவிடு, ஜன்னலை விரலளவு திறந்து வை, இன்ஜினை விட்டு விட்டு ஓட்டு: பனிநாடுகளில் இது பாலபாடம். சமவெளியிலிருந்து செல்பி எடுக்க ஏறி வருபவருக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. நிழல் எந்த வளைவில் விழுந்தது, எதிரே லாரி வந்ததா, டயர் தேய்ந்திருந்ததா, குழாயை யாராவது போய்ப் பார்த்தார்களா என்பவைதான் அங்கே கணக்கு. தொழுதவருக்கு ஒரு விதமாகவும் தொழாதவருக்கு வேறு விதமாகவும் பனி உறைவதில்லை.

இந்தக் கேள்வி கார்களைவிடப் பல நூற்றாண்டு பழையது. மெலோஸ் தீவைச் சேர்ந்த டயகோரஸ் என்ற கிரேக்கரை நாத்திகர் என்றே ஊர் அழைத்தது. அவரைப் பற்றி ரோமானியரான சிசரோ கி.மு. 45இல் எழுதிய, கடவுளரின் இயல்பு பற்றிய நூலில் இரண்டு கதைகள் சொல்கிறார். சாமோத்ராகே தீவில் ஒரு நண்பர், புயலில் வேண்டிக்கொண்டு கரைசேர்ந்தவர்கள் காணிக்கையாக வைத்த படங்களைக் காட்டி, இத்தனை பேரைக் கடவுளர் காப்பாற்றியிருப்பதைப் பார்த்துமா சந்தேகம் என்று கேட்டாராம். மூழ்கிப்போனவர்களின் படம் எங்குமே இல்லையே என்றாராம் டயகோரஸ். இந்தக் கதை பலருக்குத் தெரியும். அதை ஒட்டியே வரும் மற்றதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். டயகோரஸ் ஏறிய கப்பல் புயலில் சிக்கியது. இப்படி ஒரு பாவியை ஏற்றிக்கொண்டதால்தான் நமக்கு இந்தக் கதி என்று மாலுமிகள் முணுமுணுத்தார்கள். அவர் சுற்றிலும் தத்தளித்துக்கொண்டிருந்த மற்றக் கப்பல்களைக் காட்டி, அவற்றிலும் டயகோரஸ் இருக்கிறானா என்று கேட்டார். பிழைத்ததைப் பக்திக்குப் பலனாக எழுதுகிறவர், செத்ததை எதன் பலனாக எழுதுவது என்று சொல்லியாக வேண்டும். அங்கேதான் நாக்கு தடுமாறும்.

இதற்கு ஆத்திகர் தரும் பதில் ஒன்று உண்டு, அது லேசானதும் இல்லை. கடவுள் இயற்கை விதியை மீறி வந்து காப்பாற்றுவதில்லை, அதன் வழியாகவேதான் காப்பாற்றுகிறார். டயரின் பிடிப்பும் எதிரே லாரி வராததும் அவர் செயலே என்பார்கள். ஒப்புக்கொள்வோம். அப்படியானால் குழாயை அடைத்த பனியும் அவர் செயல். எல்லாமே அவர் சித்தம் என்றால் நான் பிழைத்தது எனக்கென்று வந்த தனிச் செய்தியாக இருக்க முடியாது. வினைக் கொள்கை இதைவிடச் சீரான விடை சொல்கிறது: யாருக்கும் சலுகை இல்லை, அவரவர் வினை அவரவர்க்கு. தர்க்கத்தில் அது நிற்கும். ஆனால் அதை யார் வாயில் வைத்துச் சொல்வது என்பதில்தான் சிக்கல். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையின் வினையைத் தன் முடிவுக்குக் காரணமாகக் காட்ட முடியாது. திருக்குறளில் அறத்துப்பால் ஊழ் அதிகாரத்தோடு முடிகிறது. அதை எழுதிய கைதான் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் ஒதுக்கியது. ஊழ் உண்டு என்பதால் யோசிக்கும் வேலை யாருக்கும் தள்ளுபடியாகவில்லை.

குடும்பம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். தனியே சிகரம் ஏறுகிறவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார்; அது அவர் பாடு. பனிச்சாலையில் குடும்பத்தோடு போகிறவர் வைப்பது மற்றவர்களின் உயிரையும் சேர்த்து. நாலு வயதுப் பிள்ளையிடம் சம்மதம் கேட்க முடியாது. பயமாயிருக்கிறது, திரும்பிவிடலாம் என்று மனைவியோ வயதான தாயோ சொன்னால்கூட, எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்ற ஒரு வாக்கியத்தில் அது அடங்கிப்போகிறது. ஆங்கிலக் கணித அறிஞர் கிளிஃபர்ட் 1877இல் எழுதிய, நம்பிக்கையின் அறம் பற்றிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொடுகிறது. நாடு விட்டுப் பிழைக்கப் போகும் குடும்பங்களை ஏற்றிச்செல்ல வேண்டிய கப்பல் பழையது. உரிமையாளருக்கு உள்ளூரச் சந்தேகம். ஆனால் இத்தனை முறை போய் வந்ததே என்று சமாதானம் செய்துகொள்கிறார்; இந்த ஏழைக் குடும்பங்களைக் கடவுள் கைவிட மாட்டார் என்றும் எண்ணிக்கொள்கிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது, இவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமிராது. கிளிஃபர்ட் அடுத்துக் கேட்கிறார்: கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? குற்றம் இம்மியும் குறையாது என்பது அவர் தீர்ப்பு, அகப்பட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான். இதை எழுதியவர் 1870இல் சூரிய கிரகணம் பார்க்கப் போகும் வழியில் சிசிலிக் கரையோரம் கப்பல் உடைந்து உயிர்தப்பியவர். தப்பியதைத் தமக்குக் கிடைத்த நற்சான்றாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மதங்களுக்கும் இது தெரியாத சங்கதி இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமல் விட்டு நம்புவதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் சொன்னதாகத் திர்மிதியின் நபிமொழித் தொகுப்பில் வருகிறது. விவிலியத்தில் சாத்தான் இயேசுவை எருசலேம் ஆலயத்தின் உச்சிக்குக் கொண்டுபோய்க் குதிக்கச் சொல்கிறான், தேவதூதர் தாங்குவார்கள் என்று வேதத்தையே மேற்கோளும் காட்டுகிறான். இயேசு மறுக்கிறார்; கடவுளைச் சோதிப்பது கூடாது என்கிறார். பாதுகாப்பு வாக்குறுதியை நம்பி உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னது அங்கே யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வானிலை எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு, டாஷ்போர்டில் இருக்கும் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டு மலையேறுவது பக்தி என்று எந்த மரபிலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

இது ஈரமில்லாத பேச்சு, பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் நீதான் காரணம் என்பதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவ ஆசிரியர் 1976இல் ஒரு லாரி ஓட்டுநரை உதாரணம் காட்டினார். குறுக்கே வந்த குழந்தை அவர் வண்டியில் அடிபட்டுவிட்டது, அவர்மேல் தப்பேதும் இல்லை. இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிட அவருக்குள் ஒன்று கூடுதலாக அறுக்கும். நாம் அவருக்கு ஆறுதல்தான் சொல்வோம். இழந்தவர்களுக்கு அந்தத் தண்டனை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, வெளியிலிருந்து யாரும் கூட்டத் தேவையில்லை. என் வாதம் அவர்களைக் குறித்தது இல்லை. அதே எச்சரிக்கையைக் கேட்டு, அதே தேய்ந்த டயரோடு போய், குடும்பத்தோடு திரும்பி வந்து, நெய்விளக்கு ஏற்றிக் கணக்கை மூடிவிட்டவரைக் குறித்தது. இருவரும் எடுத்த முடிவு ஒன்றே. ஒருவரை நாம் பழிக்காமலிருக்கலாம்; மற்றவரைப் பாக்கியசாலி என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவது சரியா?

அதிகாரிகளின் பங்கையும் சொல்ல வேண்டும். மரிச் சம்பவத்துக்குப் பிறகு அப்போதைய பிரதமர் இம்ரான் கான், வழக்கத்துக்கு மாறான பனியையும் வானிலை பாராமல் மக்கள் திரண்டதையும் காரணமாகச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டார். வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டியவர்கள், பனி அள்ளும் இயந்திரங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். சிலர் பதவியும் இழந்தார்கள். பனிமேல் பழிபோடுவதும் விதிமேல் போடுவதும் அவர்களுக்கும் வசதியான வழிதான்.

டயகோரஸ் காணாத படங்களில் இன்னொரு வகையும் உண்டு: புயலைப் பார்த்துவிட்டுப் புறப்படாமலே இருந்தவர்களின் படம். சோதனைச் சாவடியிலேயே வண்டியைத் திருப்பிய குடும்பத்துக்குச் சொல்லிக்கொள்ளக் கதை இல்லை. ஓட்டலுக்குக் கட்டிய முன்பணம் போயிற்று, பனியைப் பார்க்காத பிள்ளைகள் வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள், அலுவலகத்தில் நாலு பேர் கேலி பேசுவார்கள். நேர்ந்துகொள்ளவும் அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த நேரத்தில் நல்ல புத்தி கொடுத்ததற்காக அவர்கள் கடவுளுக்கு நன்றி சொன்னால், அதில் குறுக்கிட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.