பேராசிரியர் ஒப்புவித்த பாடம்

சீடன்: ஐயா, நெடுநாளாக என் நெஞ்சை உறுத்திவரும் ஒன்றைத் தங்களிடம் சொல்லித் தெளிவு பெற வந்திருக்கிறேன். அகந்தையை விட்டொழிக்க வேண்டுமென்று சபையாருக்குப் போதிக்கிறேன். என்னிடத்திலிருந்தும் அதைக் களையவே பிரயாசைப்படுகிறேன். ஆயினும், யாரேனும் என் பிரசங்கத்தைப் புகழும்போது, எல்லாம் கர்த்தருடைய கிருபையென்று தலை தாழ்த்திச் சொல்லிவிட்டு, அப்படிச் சொன்ன என் தாழ்மையை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று கடைக்கண்ணால் பார்க்கிற மனம் ஒன்று உள்ளே இருக்கிறது. இங்கே அடக்கினால் அங்கே எழும்புகிறது.

குரு: தம்பி, அகந்தையைக் களையும் பொறுப்பை நீ உன் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாய். அதில் சிறிது ஜெயம் கிட்டும்போதெல்லாம் அது உன் ஜெயமாகிறது. அந்த ஜெயமே அகந்தைக்குப் புதிய ஆகாரமாகிறது. உன்னிலும் நூறு மடங்கு கல்வியுடையோர் இதிலே அகப்பட்டிருக்கிறார்கள். மாரியுஸ் விக்டோரினுஸ் என்பவருடைய சரித்திரத்தை அறிவாயோ?

சீடன்: அகுஸ்தீனுடைய 'அறிக்கைகள்' என்னும் நூலிலே அப்பெயரைக் கண்ட ஞாபகம் உண்டு, விவரம் மனத்தில் நிற்கவில்லை.

குரு: அந்நூலின் எட்டாம் புத்தகத்தில் வருகிறது. ஆப்பிரிக்காவிலே பிறந்து, நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியிலே சொல்வன்மைக் கலையின் பேராசிரியராக விளங்கி, செனட் சபைப் பிரபுக்கள் பலருக்கு ஆசானாயிருந்து, தம் ஜீவிய காலத்திலேயே நகரத்து மன்றத்தில் சிலை நிறுவப்பெற்ற மகாவித்துவான் அவர். பிளேட்டோவின் மரபில் வந்த ஞானிகளின் நூல்களை லத்தீன் மொழியில் பெயர்த்தவரும் அவரே. முதுமையிலே வேதாகமத்தைக் கருத்தோடு ஆராய்ந்து, தாம் முன்னமே கிறிஸ்தவராகிவிட்டதாகச் சிம்பிளிசியானுஸ் என்னும் தேவபக்தரிடம் தனிமையிலே சொல்லுவார். திருச்சபைக்குள்ளே உம்மைக் காணும்வரை நம்பேன் என்பார் அந்த நண்பர். ஆலயத்தின் சுவர்கள்தாமோ ஒருவனைக் கிறிஸ்தவனாக்குவன என்று இவர் நகைப்பார். இந்தச் சம்பாஷணை அவர்களுக்குள் பலமுறை நடந்ததாம்.

சீடன்: அவர் கேட்டது நியாயந்தானே, ஐயா? விசுவாசம் உள்ளத்தைச் சேர்ந்ததல்லவா?

குரு: கேள்வி நியாயமானது, அதைக் கேட்கத் தூண்டிய காரணந்தான் நியாயமற்றது. உயர்குலத்து நண்பர்களின் வெறுப்புக்கு அவர் அஞ்சினார். அந்த அச்சத்திற்கும் அடியிலே இன்னொன்று இருந்ததென்பது என் எண்ணம். இரகசியமாக இருந்தவரையில் அவருடைய விசுவாசத்திற்கு அவரே எஜமான். எவ்வளவு நம்புவது, எப்போது நம்புவது, எந்தச் சொற்களால் நம்புவது என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கலாம். பிறர் எவரும் உட்புகுந்து ஒரு வார்த்தை கேட்க முடியாது. மற்ற நூல்களைக் கற்றுத் தமதாக்கிக்கொண்டதுபோலவே சுவிசேஷத்தையும் தம் கல்விச் செல்வங்களுள் ஒன்றாக ஆக்கிக்கொண்டிருந்தார்.

சீடன்: பிறகு?

குரு: பிறகு, மனிதர் முன்னே கிறிஸ்துவை அறிக்கை செய்ய நாணினால் தேவதூதர் முன்னே அவர் தம்மை மறுதலிப்பாரே என்ற பயம் அவரைப் பற்றிக்கொண்டது. ஒருநாள் திடீரென்று, ஆலயத்துக்குப் போவோம் வாரும் என்று நண்பரை அழைத்தார். ஞானஸ்நானத்திற்கு முன்னே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. கூச்சமுள்ளவர்களுக்கு அளிக்கப்படும் சலுகையாக, தனியிடத்திலே சொல்லிவிடலாமென்று குருமார் அவருக்கும் இடங்கொடுத்தார்கள். அவர் அதை மறுத்துவிட்டு, சபை முழுவதும் காண உயர்ந்த மேடையின்மேல் ஏறிச் சொன்னார்.

சீடன்: ஐயா, இங்கேதான் என் சந்தேகம் எழுகிறது. ஆயுள் முழுவதும் மேடையேறிக் கரகோஷம் கேட்டவர் மறுபடியும் மேடையேறியிருக்கிறார். கூடியிருந்தவர்கள் அவரைக் கண்டதும் ஆனந்தத்தோடு அவர் பெயரை உச்சரித்திருப்பார்கள் அல்லவா? நாணி ஒதுங்கித் தனியே சொல்லியிருந்தால் அதுவன்றோ தாழ்மை?

குரு: உச்சரித்தார்கள், ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு அவர் பெயர் பரவியதென்று அகுஸ்தீனும் எழுதுகிறார். உன் ஆட்சேபத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால், அந்த மேடையில் அவர் சொன்னது என்ன? ரோமாபுரிச் சபையின் வழக்கப்படி, முன்னமே வகுக்கப்பட்டு மனப்பாடம் செய்யப்பட்ட சில வாக்கியங்கள். எழுத்தறியாத ஏழைகளும் அடிமைகளும் ஒப்புவித்த அதே வாக்கியங்கள்! சொல்லைப் புதிது புதிதாகப் புனைவதையே தொழிலாகவும் கீர்த்தியாகவும் கொண்ட அந்த முதியவர், தமக்கென்று ஓர் அடைமொழியையும் சேர்த்துக்கொள்ள இடமில்லாத பாடத்தை ஒரு சிறுவனைப்போல் ஒப்புவித்தார். புகழ் கேட்ட மேடையிலேயே புகழுக்குக் காரணமான ஆற்றலை உபயோகியாமல் நின்றார். இதைவிடக் கடினமான தாழ்மை அவருக்கு வேறில்லை என்பேன். பின்னர் 362-ஆம் ஆண்டிலே, கிறிஸ்தவர்கள் இலக்கியமும் சொல்வன்மையும் போதிக்கலாகாதென்று ஜூலியன் சக்கரவர்த்தி விதித்தபோது, அவர் தம் பள்ளியையே துறந்தார்.

சீடன்: தாங்கள் சொல்வது என்னையே சுட்டுகிறது. ஆராதனையிலே பொதுவான பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து சொல்லும்போது என் மனம் அதில் பற்றுவதில்லை. நானே அமைத்த நீண்ட ஜெபத்தில்தான் உருகுகிறேன்.

குரு: உருகுவது நல்லதே, சொந்த ஜெபத்தை விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உனக்காக ஜெபிக்கும்படி சபையிலே யாரையேனும் எப்போதாவது வேண்டிக்கொண்டதுண்டா?

சீடன்: இல்லை, ஐயா. அவர்களுக்காக நான் ஜெபிக்கிறேன். என்னைத் தாங்க அவர்களை அழைத்ததில்லை.

குரு: மனிதர் ஒருவரிடத்திலும் வாங்கப் பழகாத கை தேவனிடத்தில் மாத்திரம் எப்படி நீளும்? இந்தச் சரித்திரத்தைச் சிம்பிளிசியானுஸ் அகுஸ்தீனுக்குச் சொன்ன காரணமும் இதுவே. 386-ஆம் ஆண்டு மிலான் நகரத்திலே, விக்டோரினுஸ் பெயர்த்த அந்த ஞானநூல்களைப் படித்திருப்பதாக அகுஸ்தீன் சொன்னவுடனே, பெரியவர் நூல்களைப் பற்றிப் பேசாமல் அவற்றைப் பெயர்த்தவரைப் பற்றிப் பேசலானார். ஆதியிலிருந்த வார்த்தையானவரைப் பற்றிய உண்மையை அந்நூல்களிலே கண்டாராம் அகுஸ்தீன்; அவ்வார்த்தையானவர் மாம்சமாகித் தம்மைத் தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்ததை அங்கே காணவில்லை. உயரத்திலிருக்கும் தேவனை அறிவினாலே எட்டிப்பார்க்கலாமென்று நம்பியவருக்கு, தேவன் கீழே இறங்கி வந்திருக்கிறார் என்ற செய்தியே இடறலாக இருந்தது.

சீடன்: எல்லாம் தேவனையே சார்ந்ததென்றால், மனிதன் முயற்சியற்றுச் சோம்பிக் கிடக்க இடமாகாதோ?

குரு: பெலாகியுஸ் என்பவர் எழுப்பிய கேள்வி இது. பிரித்தானியத் தீவிலிருந்து ரோமாபுரிக்கு வந்த அவர் ஒழுக்கத்திலே சிறந்தவர். மக்களின் அசிரத்தையைக் கண்டு மெய்யாகவே வருந்தியவர். தேவன் கற்பிப்பதைச் செய்யும் பலத்தையும் அந்தத் தேவனே தரவேண்டுமென்று அகுஸ்தீன் செய்த ஜெபத்தை ஒருவர் எடுத்துச் சொல்லக் கேட்டபோது, அவரால் அதைப் பொறுக்க முடியவில்லை. நான் அவருக்குச் சொல்லக்கூடிய பதில் இது: நம் சாலையோரங்களிலே சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருக்கிறாய். தலைச்சுமையோடு வருகிறவன் அதனருகே நடந்துபோக வேண்டும், அணைந்து நிற்க வேண்டும், தலையைச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் முயற்சியே. பாரத்தைத் தாங்குவதோ கல். தலையைச் சாய்க்க மனமில்லாமல், தானே தாங்கித் தானே இளைப்பாறுவேன் என்கிறவன் சாலை முழுவதும் நின்று நின்று தளர்வானேயன்றி, சுமை இறங்காது.

சீடன்: அகுஸ்தீனுக்கு அது முற்றிலும் இறங்கிற்றா?

குரு: மனம் திரும்பியவுடனே, விக்டோரினுஸைப்போல் தாமும் வகித்துவந்த பேராசிரியர் பதவியை விட அவர் நிச்சயித்தார். ஆனால் உடனே விலகினால் பெரியவனாகத் தோன்ற ஆசைப்பட்டதாக ஊரார் பேசுவார்களென்று, திராட்சை அறுவடை விடுமுறைக்கு எஞ்சியிருந்த சில நாட்களைப் பொறுத்திருந்து, அமைதியாகவே விலகினார். துறவையும் காட்சியாக்காத அந்தப் பொறுமை என்னை மிகவும் கவர்கிறது. அத்தியட்சராகிப் பல்லாண்டுகள் கழிந்தபின், 426, 427-ஆம் ஆண்டுகளில், தாம் எழுதிய நூல்களை வரிசையாக எடுத்து, குறைகளைத் தம் கையாலேயே குறித்து ஒரு தனி நூல் எழுதினார். 430-ஆம் ஆண்டு, வாண்டலர் ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தபோது, மரணப்படுக்கையிலே கிடந்தவர், தாவீதின் மனஸ்தாப சங்கீதங்களை எழுதுவித்துச் சுவரிலே பதிக்கச் செய்து, அவற்றைப் படித்துப் படித்துக் கண்ணீர் விட்டாரென்று அவருடைய சீஷர் பொசிதியுஸ் எழுதியிருக்கிறார். நூற்றுக்கணக்கான பிரசங்கங்களைச் செய்தவர் கடைசியில் நாடியதும் பிறருடைய சொற்களையே. முற்றிலும் இறங்கியதோ என்று கேட்கிறாய். அந்தக் கணக்கை அவரே பார்க்கவில்லை. நாம் ஏன் பார்க்க வேண்டும்?

சீடன்: அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என் பிரசங்கத்தைப் புகழ்ந்தால் நான் என்ன சொல்லட்டும், ஐயா?

குரு: நன்றி சொல், கிருபையைப் பற்றி அந்த நேரத்தில் ஒரு சிறு பிரசங்கம் செய்யாதே. பிறகு, அவர் வீட்டில் யாருக்கு உடம்பு சுகமில்லை, எந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்று விசாரித்து, அவர் சொல்லுவதை முடிவுவரை கேள். புறப்படும்போது, உனக்காக ஜெபிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள். எதற்காக என்று அவர் கேட்டால், இன்று என்னிடம் முதலில் சொன்னாயே, அதையே அவருக்கும் சொல்.