ஓட்டு இல்லாதவருக்கு யார் ஆள்?

2022 தீபாவளியன்று, அக்டோபர் 24, ரிஷி சுனாக் பிரிட்டனின் ஆளுங்கட்சித் தலைவரானார். மறுநாள் பிரதமர். எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் முறுக்குப் படங்களுக்கு நடுவே அவர் படமும் வந்து விழுந்தது. "வெள்ளைக்காரன் நாட்டையே நம்ம ஆளு ஆளப்போறான்" என்று பெரியப்பா எழுதினார். கீழே யாரோ "இங்க எப்போ?" என்று கேட்டிருந்தார்கள். நம் பொதுத்தேர்தலுக்கு நாலு வாரம்கூட இல்லாத நேரம் அது.

ஒரு வாரம் போனது. அக்டோபர் 31 அன்று சுனாக்கின் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன், சிறு படகுகளில் வந்து இறங்குகிறவர்களைப் 'படையெடுப்பு' என்று நாடாளுமன்றத்தில் வர்ணித்தார். அவருடைய அப்பா கென்யாவிலிருந்து குடியேறியவர். அம்மா மொரிஷியஸ் தமிழ் வம்சாவளி. இந்தச் செய்தியைக் குழுவில் யாரும் போடவில்லை. போட்டிருந்தாலும் என்ன எழுதியிருப்போம் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கேள்வி லண்டனில் கிளம்பினாலும் எனக்கு அது ஆயர் ஈத்தாமில்தான் உறுத்துகிறது. சிங்கப்பூர் போகிற வழியில் பூந்தொட்டியும் பீங்கான் சாமானும் வாங்க வண்டியை நிறுத்துகிற ஊர் என்றுதான் பலருக்கும் இது தெரியும். எங்கள் நாடாளுமன்றத் தொகுதியில் மலாய்க்காரர்கள் பெரும்பான்மை. ஆனால் 2004 முதல் உறுப்பினராக இருப்பவர் ம.சீ.ச.வின் வீ கா சியோங், சீனர். நாங்கள் நூற்றுக்கு நாலைந்து பேர். 2018ல் அவர் ஜ.செ.க.வின் லியூ சின் தோங்கை ஜெயித்தது வெறும் 303 ஓட்டில். எங்கள் ஓட்டு அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் இங்கே ஒரு தமிழர் நின்று ஜெயிப்பார் என்று யாரும் கனவுகூடக் காண்பதில்லை.

நாடு முழுக்க இதே கதைதான். 222 தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ளது ஒன்றுகூட இல்லை. எந்தத் தமிழர் நாடாளுமன்றம் போனாலும் அடுத்தவர் ஓட்டில்தான் போகிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1955 தேர்தலில் பதிவான வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். அவர்கள் ஓட்டில்தான் ம.சீ.ச.வுக்கு 15 இடமும் ம.இ.கா.வுக்கு 2 இடமும் கிடைத்தன. இன்னொரு இனத்தானை நம்பி ஓட்டுப் போடுவது இந்த மண்ணில் புதுசு இல்லை.

ஆனால் அந்த 84ஐக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். மலாய்க்காரர் அல்லாதவர்கள் ஜனத்தொகையில் கிட்டத்தட்டப் பாதி. வாக்காளரில் அவ்வளவு குறைவாக இருந்ததற்குக் காரணம் குடியுரிமை. ரப்பர் சீவிய தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலோர் அன்றைக்கு எந்தக் கணக்கிலும் இல்லை. பிரதிநிதித்துவம் என்று நாம் பேசுவது எப்போதும் ஓட்டு இருப்பவர்களுக்குள் நடக்கிற பங்கீடு. உனக்கு இத்தனை சீட், எனக்கு ஒரு மந்திரி. சாமிவேலு 1979 முதல் 2008 வரை மந்திரியாக இருந்தார். 'நம்ம ஆளு' இருந்தார் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தக் காலத்தின் கடைசியில்தான், 2007 நவம்பர் 25 அன்று, ஹிண்ட்ராஃப் அழைப்பில் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூரில் கூடினார்கள். எங்கே போகக் கிளம்பினார்கள்? பிரிட்டிஷ் தூதரகத்துக்கு, ராணிக்கு மனு கொடுக்க. கூலியாகக் கொண்டுவந்துவிட்டு 1957ல் பாதுகாப்பில்லாமல் விட்டுப் போனீர்கள் என்று லண்டனில் ஏற்கெனவே வழக்கும் போட்டிருந்தார்கள். கேட்ட தொகை நாலு டிரில்லியன் அமெரிக்க டாலர். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குத் தொகை முக்கியமில்லை. மந்திரிசபையில் நம்ம ஆள் இருக்கும்போதே ஜனங்கள் ஐம்பது வருஷத்துக்கு முன் போன வெள்ளைக்காரனைத் தேடிப் போனார்களே, அதுதான் உறைக்கிறது. கண்ணீர்ப்புகையும் தண்ணீரும்தான் கிடைத்தது.

எங்கள் தாமானில் ஒரு பாட்டி இருக்கிறார். தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. கையில் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசி. எழுபதைத் தாண்டியும் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. தேர்தல் நாளில் பேத்தி வீட்டுக்கு வந்ததும் விரலைப் பிடித்து மையைத் தடவிப் பார்ப்பார்.

2024 அக்டோபரில் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்கு நீண்ட நாள் கேட்ட நியாயம் கிடைத்தது. நல்ல விஷயம். அதே திருத்தத்தில், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமை எடுக்கப்பட்டது. ஆதரவாக 206 ஓட்டு. அதில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. பாட்டியின் பிள்ளைகள் பழைய சட்டத்தில் தப்பித்துவிட்டார்கள். இனிமேல் சிவப்பு ஐசி வைத்திருக்கும் ஓர் இளம் ஜோடிக்குப் பிறக்கும் பிள்ளை விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் லைனில் நிற்பவர்களில் பாதிப் பேர் நேப்பாளிகளும் பங்களாதேஷிகளும். "இவனுங்க வந்துதான் நம்ம சம்பளம் ஏறமாட்டேங்குது" என்று கேண்டீனில் தமிழ்ப் பையன்கள் சொல்வார்கள். இதை முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். தோட்டங்களில் நம் ஆட்கள் இருந்த இடத்தில் வெளிநாட்டவரைக் குறைந்த கூலிக்கு வைத்தது நடந்த கதை. ஆனால் குறைந்த கூலி தேடிய கை எது? நம் தாத்தாவைக் கப்பலேற்றியதும் அதே கைதானே. மலாய்க்கார அரசியல்வாதி ஒருவர் நம்மை 'பெண்டாத்தாங்' என்று சொல்லும்போது கொதிக்கிற வாய், அடுத்த மேசையில் சாப்பிடுகிறவனைப் பார்த்து அதே வார்த்தையைத்தான் தமிழில் சொல்கிறது. பிரேவர்மன் சொன்னதற்கும் இதற்கும் இடையே உள்ள வித்தியாசம் அவரிடம் அதிகாரம் இருந்தது என்பது மட்டும்தான்.

"அப்படின்னா நமக்குன்னு பேச நம்ம ஆளே வேணாமா?" என்று யூனிவர்சிட்டி நண்பன் ஒருவன் கேட்டான். வேண்டும். நாற்பது பேர் இருக்கும் அறையில் நம் மாதிரி ஒருத்தர் இல்லாவிட்டால், அங்கே என்ன பேசுகிறார்கள் என்றே நமக்குத் தெரியாது. ஆனால் 2008ல் சுங்கை சிப்புட்டில் சாமிவேலுவைத் தோற்கடித்த டாக்டர் ஜெயகுமார் தேவராஜும் தமிழர்தான். இருவரில் யார் நம்ம ஆள் என்று முகம் பார்த்துச் சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளிக்குப் பேசிய அவர் ஓட்டே இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பேசினார். 2018ல் வைப்புத்தொகையை இழந்து தோற்றார். கூட்டணிக் கணக்குதான் பெரிய காரணம். இருந்தாலும் ஓட்டில்லாதவருக்குப் பேசினால் ஓட்டு வராது என்பதையும் மறைக்க முடியாது.

அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர்கள் கோயில் திருவிழாவுக்கு வருவார்கள், மாலை விழும். நான் கேட்க நினைப்பது இரண்டே விஷயம். சிவப்பு ஐசிக்காரர் பிள்ளைக்கு என்ன செய்வீர்கள்? என் லைனில் நிற்கும் நேப்பாளியின் பாஸ்போர்ட் அவன் கையில் இருக்க என்ன செய்வீர்கள்? நண்பன் இப்போதே சொல்லிவிட்டான், "மச்சான், ரெண்டாவது கேள்விய கோயில்ல கேக்காத, நம்ம ஆளுங்களே அடிப்பாங்க."