கேளாமல் இட்ட எண்

1899இல் டென்மார்க்கின் விபோர்க் நகரில் மோர்டென்சென் என்னும் பள்ளி ஆசிரியர் (நம் தொழிலினர்தாம்!) மைனா இனப் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். பின்னர் தமிழகத்துக் கோடிக்கரையிலும் அத்தகைய பணி நடந்தது. பறவைகள் செல்லும் வழி புலப்பட்டது.

இதனை வகுப்பில் விளக்கியபோது, "பறவையை யாரேனும் கேட்டார்களா, சேர்?" என்றாள் ஒரு மாணவி. அறிவு தேடுவோர்க்கு அவ்வுரிமை உண்டென விடைகூற முனைந்தோம், நா எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடுல்கெல்ல முதலிய மலைத் தோட்டங்களுக்குக் கொணரப்பட்ட நம் முன்னோர் பலரும் எண் பொறித்த தகர வில்லையோடுதான் வந்தனர். அவ்வெண் கூறியது, அவர்கள் சேரவேண்டிய தோட்டத்தை. வளையமிட்டவர் பறவையை விட்டுவிட்டார், வில்லையிட்டவர் விடவில்லை. வேறுபாடு இதுவே எனலாம். ஆயினும் மாணவியின் வினா அதனால் தீரவில்லை. அவர்களின் மக்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். அப்போதும் அவர்களை யாரும் கேட்கவில்லை.