ஊழா, ஆள்வினையா?

சென்னீர்குப்பம், திருமழிசை, அம்பத்தூர் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு லாட் ரிஜெக்ட் ஆகித் திரும்பினால் முதலில் எழும் கேள்வி, “மெஷின்ல யாரு நின்னது?” என்பதுதான். பெயர் கிடைத்ததும் விசாரணை முடிந்துவிடும். உற்பத்தியைப் பெருக்க எத்தனை அட்டவணை மாட்டினாலும், தன் கையில் இல்லாததற்கு ஒருவரைக் குற்றவாளியாக்கலாமா என்ற அறக்கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவை பயன்தரா. இதைக் காட்டவே அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் கருத்தரங்குகளில் 3,200 வெள்ளை மணிகளோடு 800 சிவப்பு மணிகளைக் கலந்து வைப்பார். பங்கேற்பவர்கள் 50 குழியுள்ள மட்டையை அதில் முக்கி எடுக்க வேண்டும். சிவப்பு மணி பழுதுக் கணக்கு. ஒருவருக்கு 6 வரும், அடுத்தவருக்கு 14. முன்னவருக்குப் பாராட்டு, பின்னவருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் இருவர் நிலையும் தலைகீழாகலாம். ஐந்துக்கு ஒன்று சிவப்பாகப் பெட்டியை நிரப்பியவரை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தை ஒதுக்கிய வள்ளுவர், 62ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்குக் கொடுத்தார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்ற விவாதம் பழையது. பட்டறையில் வைத்துப் பார்த்தால், ஒரே பொருள் ஒருவருக்கு ஊழாகவும் இன்னொருவருக்கு ஆள்வினையாகவும் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. தேய்ந்த சக், லாட்டுக்கு லாட் கடினம் மாறும் கம்பி, பழக்காமலே இறக்கிவிட்ட நைட் ஷிஃப்ட்: ஆப்பரேட்டருக்கு இவை வந்து வாய்த்தவை; நிர்வாகத்துக்கோ, எடுத்த முடிவுகள். வேலை செய்யும் முறையையே மாற்றச் சொல்லும் டெமிங் வழியை நம் பகுதி அறியாததல்ல. பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு வாங்கியது. அதற்கு முன் எந்த இந்திய நிறுவனமும் அதைப் பெற்றதில்லை.

அப்படியானால் சோம்பேறிக்கு இது சாக்காகிவிடாதா? ஆகாது. புள்ளியியலாளர் ஷூவார்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம், எல்லோருக்கும் பொதுவான ஏற்ற இறக்கத்தையும் ஒருவரிடம் மட்டும் தெரியும் பிசகையும் பிரித்துக் காட்டும். பிந்தையதை அவரிடமே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேஜ் காட்டும் தவறை மறைக்காமல் சொல்வதுதான் அவருடைய முதற்கடமை. சொன்னால் சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயம் இருக்கும்வரை அந்தக் கடமையை அவரிடம் எதிர்பார்ப்பது அநியாயம். இதைவிடக் கனமான மறுப்பு சிறுபட்டறை முதலாளியுடையது: ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்லும் பெரிய கம்பெனிக்கு முன் அவரும் ஊழில் சிக்கியவர்தானே? உண்மை. அந்த இடத்தில் பொறுப்பு ஒரு படி மேலே போகிறது. விலையை மட்டும் பார்த்துச் சரக்கு வாங்காதே என்பது டெமிங்கின் 14 நெறிகளில் நான்காவது. அது பட்டறைக்காரருக்குச் சொன்னதல்ல, அவரிடம் வாங்குபவருக்குச் சொன்னது.