எஞ்சுவது ஓவியம் மட்டும்தானா?

அழிந்துவரும் ஓர் உயிரை அழகுற வரைந்து முடித்த ஓவியர், தம் கடமையை முடித்தவர் ஆவாரா? அன்றி, அங்கேதான் அவர் கடமை தொடங்குகிறதா? கலையைப் பற்றியதுபோல் தோன்றும் இவ்வினா, உண்மையில் அறத்தைப் பற்றியது. மாணவர் கையில் தூரிகையைக் கொடுத்து வரையச் சொல்லும் நாமும் இதற்கு விடை காண வேண்டியவர்களே.

அமெரிக்கப் பறவைகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் பெரும்புகழ் பெற்றவர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன். 1827 முதல் 1838 வரை வெளிவந்த அவருடைய நூலில் 435 படங்கள் உள்ளன. பறவைகளைச் சுட்டு வீழ்த்தி, உயிருள்ளவைபோல் கம்பிகளால் நிறுத்தி வரைவது அவர் வழக்கம். நிழற்படக் கருவி பரவாத காலம் அது. இன்றைய அளவுகோலால் மட்டும் அவரை அளத்தல் முறையன்று. 1813-இல் கெண்டக்கியில், கதிரவனையே மறைத்துப் பறந்த பயணப் புறாக் கூட்டத்தைக் கண்டு வியந்தவர் அவர். வேட்டையும் காடழிப்பும் அவ்வினத்தை விழுங்கின. அதன் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. ஓவியம் இருக்கிறது, பறவை இல்லை. அதனைக் கலைச்செல்வம் என்பதா? கல்லறைக் கல்வெட்டு என்பதா?

மற்றொருவரை எண்ணிப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1909-இல் பிறந்த மார்கரெட் மீ அம்மையார், 1952-இல் பிரேசில் சென்று, சாவோ பாவ்லோ நகரப் பள்ளியொன்றில் ஓவியம் கற்பித்தார். 1956-இல், தம் 47-ஆம் வயதில், அமேசான் காட்டுக்கு முதற்பயணம் மேற்கொண்டார். பின்னர் 1988 வரை, நோயையும் இன்னலையும் பொருட்படுத்தாது, மொத்தம் 15 பயணங்கள் சென்று காட்டுச் செடிகளை வரைந்தார். வெள்ளம் சூழ்ந்த காட்டில் மரங்களைப் பற்றிப் படரும் கள்ளியொன்று உண்டு. நிலாமலர் எனப்படும் அதன் பூ, ஓரிரவு மட்டுமே மலர்ந்து விடியலில் வாடிவிடும். பல்லாண்டுத் தேடலுக்குப் பின், 1988 மே மாதத்தில், படகில் அமர்ந்து அம்மலர் விரிவதைக் கண்டு வரைந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 79 வயது. அவ்வாண்டு நவம்பரில் சாலை விபத்தொன்றில் அவர் மறைந்தார்.

செடியை வெண்தாளில் தனியே நிறுத்தி வரைவதே தாவர ஓவிய மரபு. அம்மையாரோ பிற்காலத்தில், செடிக்குப் பின்னே அது வாழும் காட்டையும் வரையலானார். காடின்றிச் செடி இல்லை என்பதைத் தூரிகையே சொல்லிற்று. அத்தோடு அவர் அமைதியுற்றாரில்லை. காடு எரிக்கப்படுவதைக் கண்டு வாய்விட்டு எதிர்த்துரைத்தார்.

“வரைவதே ஓவியர் தொழில், காப்பது அரசின் கடமை” என்பார் உளர். ஓர் இலையின் நரம்புகளை ஒவ்வொன்றாக நோக்கி வரைந்தவர், அவ்விலையின் அழிவை அறியேன் என்று கூறுதல் இயலுமா? நெருங்கிக் கண்டவர்க்குக் கடனும் மிகுதி. “அம்மையார் எதிர்த்ததால் காடழிப்பு நின்றதோ?” எனின், நிற்கவில்லை. எனினும், விளைவு உறுதியாகாது என்பதற்காகக் கடமை கடமையாகாது போவதில்லை. கற்பித்த அனைவரும் கற்றுத் தேர்வர் என்ற உறுதியோடா நாம் வகுப்பறைக்குள் நுழைகிறோம்?

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். பாரி முல்லையின் அழகைப் பாராட்டியதோடு அமைந்திருந்தால், அவன் பெயரை இன்று யார் அறிவார்? தேரைவிட்டு இறங்கினான் என்பதன்றோ அவன் பெருமை!

நம் மாணவர்களின் ஓவியத்தாளில் இரண்டு மலைகளும் நடுவே ஒரு கதிரவனும் மாறாமல் வருகின்றன. சாளரத்திற்கு வெளியே மரக்கிளையில் அமர்ந்திருக்கும் பறவை வருவதில்லை. அவர்கள் அதைப் பார்க்கவில்லை; பார்க்க நாம் சொல்லவுமில்லை. மலேசியாவின் கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. இனி நம் பிள்ளைகள் அதனைப் படத்தில் பார்த்தே வரைதல் கூடும்.

ஆதலின், அடுத்த ஓவியப் பாடத்திற்கு மாணவரை மரத்தடிக்கு அழைத்துச் செல்வோம். ஓர் உயிரைப் பொறுமையோடு நோக்கி வரையச் செய்வோம். வரைந்து முடித்ததும், “இஃது இங்கே தொடர்ந்து வாழ நாம் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்போம். அக்கேள்வி எழாத ஓவியப் பாடம் கைக்குப் பயிற்சியாகலாம், நெஞ்சுக்குக் கல்வியாகாது.